ஒரே இன்ஜின், இரண்டு பெயர்

அப்பாவிடம் டிவிஎஸ் சுசுகி சாமுராய் இருந்தது. டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலும் வாங்கணும். 2001-ல் டிவிஎஸ்ஸுடனான கூட்டிலிருந்து சுசுகி விலகியபோது, "இனிமே இவங்க எங்க வண்டி செய்யப் போறாங்க" என்றார். அதே வருஷம் டிவிஎஸ் சொந்தமாக வடிவமைத்த விக்டர் பைக் வந்தது!

நேற்று சர்வீஸ் சென்டரில் ஒரு டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐக் கழற்றி வைத்திருந்தார்கள். சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. காற்று முன்னால் நுழைகிறது, புகை பின்னால் போகிறது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆரிலும் இதே இன்ஜின்தான். அதுவும் டிவிஎஸ்ஸின் ஓசூர் ஆலையில்தான் தயாரானது.

டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் 2013-ல் போட்ட ஒப்பந்தம் இது. இதற்கென்று கூட்டு நிறுவனம் தொடங்கவில்லை. அடிப்படை ஒன்று, ஆனால் அவரவர் பெயரில் அவரவர் வண்டி, அவரவர் ஷோரூம். சுசுகி காலத்தில் இரண்டு பெயரும் ஒரே டேங்கில் ஒட்டியிருந்தன. பிரிந்தபோது ஸ்டிக்கரையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்த முறை ஒட்டவே இல்லை. அனுபவப் பாடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பார்ட்னர்ஷிப் என்றதும் முதலில் பங்கு சதவீதம் பேசும் நண்பர்களே, முதலில் பெயர்ப்பலகையைப் பேசுங்கள். (ஆமாம், உன்னைத்தான் மாப்ள.)

அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். "கிக்கர் எங்கடா?" என்று பதில்.