ஓரணுப் படலத்துக்கு அடியில்: ஆர்கான் குமிழி நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனுக்கும், கீழே உள்ள கிராஃபைட் தளத்துக்கும் நடுவே ஆர்கான் வாயு அணுக்களைத் தாறுமாறாகத் தூவிவிட்டு, அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷனை ஓடவிட்டேன். குமிழி என்று எதையும் நான் வரைந்து வைக்கவில்லை. ஆனாலும் படலம் தளத்தோடு ஒட்டத் தொடங்கியதுமே ஆர்கான் சின்னச் சின்னத் திட்டுகளாக ஒதுங்கியது. பக்கத்துப் பக்கத்துத் திட்டுகள் சேர்ந்தன. கடைசியில் ஒரே ஒரு மேடுதான் மிச்சம்.

கைபேசித் திரை மேல் ஒட்டும் உறைக்கு அடியில் காற்று சிக்கினால் விரலால் தள்ளி வெளியேற்றிவிடுவோம். இங்கே அந்த வேலையைச் செய்வது படலமும் தளமும் ஒன்றையொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் விசை. ஆனால் சிக்கியது வெளியேற வழி கிடையாது. குறையில்லாத கிராஃபீன் வழியே ஹீலியம்கூடக் கசியாது என்று 2008-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆய்வகங்களில் இரு பரிமாணப் பொருள்களை அடுக்கும்போது இடையில் மாட்டும் ஹைட்ரோகார்பன் அழுக்கும் இப்படித்தான் குமிழிகளாக ஒதுங்கி, மற்ற இடமெல்லாம் சுத்தமாகிவிடுகிறது. அது நடக்கும் விதத்தை அணு அணுவாகப் பார்க்க முடிவதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜூன் 5, வியாழன்

கணக்கு எவ்வளவு பெரிது என்பதை எழுதி வைக்கிறேன். கிராஃபீனில் ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் 38 கார்பன் அணுக்கள். 40-க்கு 40 நானோமீட்டர் படலம் என்றால் ஏறக்குறைய 61,000. தளத்தின் அடுக்குகளும் ஆர்கானும் தனி. சிமுலேஷன் முன்னேறும் ஒவ்வொரு நேரப்படியும் ஒரு ஃபெம்டோ நொடி, அதாவது நானோ நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 10 நானோ நொடி பார்க்க வேண்டுமானால் ஒரு கோடி படிகள். அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் நிரலில், அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று சொல்லும் சூத்திரங்களாக (விசைப்புலம்) ஏரெபோ கார்பனுக்கு, லெனார்ட்-ஜோன்ஸ் ஆர்கானுக்கு.

படலம் குமிழியைவிட நன்றாகப் பெரிதாக இருந்தாக வேண்டும். ஓரத்தைப் பூட்டி வைத்தால் குமிழி எழும்பும்போது படலம் வழுக்கி உள்ளே வர முடியாது. அப்போது இழுவிசை கூடி, உள்ளே அழுத்தமும் பொய்யாக ஏறும்.

ஜூன் 9, திங்கள்

2016-இல் மான்செஸ்டர் குழு வெளியிட்ட முடிவுகளை மறுபடி எடுத்துப் படித்தேன். அணு விசை நுண்ணோக்கியால் ஏராளமான குமிழிகளை அளந்திருக்கிறார்கள். உயரத்தை ஆரத்தால் வகுத்தால் பெரிதோ சிறிதோ ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது, கிராஃபீனுக்கு 0.11 அளவில். படலத்தை வளைத்து நீட்ட ஆகும் ஆற்றலும் அது தளத்தில் ஒட்டும்போது கிடைக்கும் ஆற்றலும் சமன்படுவதால் வடிவம் இப்படி அமைகிறது. வடிவம் மாறாவிட்டால் அழுத்தம் ஆரத்துக்குத் தலைகீழாகப் போகும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய குமிழிகளில் பல பத்து மெகாபாஸ்கல் அளந்தார்கள் (ஒரு மெகாபாஸ்கல் சுமார் பத்து வளிமண்டல அழுத்தம்). 10 நானோமீட்டருக்கும் கீழே போனால் ஒரு கிகாபாஸ்கலை, அதாவது ஆயிரம் மெகாபாஸ்கலை, நெருங்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

என் ஆர்வமெல்லாம் அந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. அறை வெப்பநிலையில் ஆர்கானைத் திடமாக்க ஒரு கிகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே அழுத்தினால் போதும். வெளியே, சாதாரணக் காற்றழுத்தத்தில், அது மைனஸ் 189 டிகிரியில்தான் உறையும். ஒற்றை அணுத் தடிமனுள்ள ஒரு படலம் தன் ஒட்டும் விசையை மட்டும் வைத்து அறை வெப்பநிலையிலேயே அதைப் படிகமாக்கிவிடுமா?

ஜூன் 12, வியாழன்

குமிழிக்குள் அழுத்தம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டால் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் அணு மேலும் விழும் விசையை அதன் இடத்தோடு பெருக்கிக் கூட்டினால் விரியல் கூட்டுத்தொகை கிடைக்கிறது. அதைக் கன அளவால் வகுக்க வேண்டும். எந்தக் கன அளவு? மேல்சுவர் கார்பன் அணுவின் மையத்தில் முடிகிறதா, ஆர்கான் அணுவின் விளிம்பிலா? ஆர்கானின் விட்டம் சுமார் 0.34 நானோமீட்டர். 10 நானோமீட்டர் ஆரக் குமிழிக்கு உயரமே 1.1 நானோமீட்டர்தான். எல்லைக்கோட்டை அரை அணு தள்ளிப் போட்டாலே அழுத்தம் கணிசமாக மாறிவிடும்.

அழுத்தத்தை எழுதும்போது எல்லையை எங்கே வைத்தோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த விவரம் இல்லாமல் வரும் கிகாபாஸ்கல் எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. கொஞ்சம் பெரிய குமிழியில், சுவருக்குத் தள்ளி நடுவில் இருக்கும் பகுதியின் அடர்த்தியை மட்டும் எடுத்து, ஆர்கானின் நிலைச் சமன்பாட்டில் (அடர்த்தி, வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் இணைக்கும் சமன்பாடு) போட்டு அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு நம்பிக்கையான வழியாகத் தெரிகிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நாள் முழுக்க ஒரே கேள்வி: உள்ளே இருப்பது திடமா, திரவமா?

பெரிய குமிழியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் ஆர்கான் அடுக்கடுக்காக நிற்கிறது. அந்தப் படத்தை மட்டும் காட்டினால் யாரும் படிகம் என்றே சொல்வார்கள். ஆனால் தட்டையான சுவருக்குப் பக்கத்தில் எந்தத் திரவமும் அடுக்காகத்தான் நிற்கும். அதனால் ஒரே அடுக்குக்குள் இருக்கும் அணுக்களை மட்டும் பிரித்து, நேரத்தோடு எவ்வளவு நகர்கின்றன என்று கணக்கிட்டேன். அணுக்கள் நகர்ந்த தூரங்களின் வர்க்கச் சராசரி (சராசரி இருபடி இடப்பெயர்ச்சி) நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. அடுக்கு அப்படியே நிற்க, அதற்குள் அணுக்கள் இடம் மாறி அலைகின்றன. சரி, அது திரவம்.

அடுத்து சின்னக் குமிழி. இங்கே இடப்பெயர்ச்சி கொஞ்சம் ஏறி அப்படியே தட்டையாகிவிட்டது. ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலேயே அதிர்கிறது. மேலிருந்து பார்த்தால் முக்கோண ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது. குமிழியின் உச்சியும் குவிமாடம் போல் இல்லாமல் தட்டையாக இருக்கிறது. உயரம் முழு அடுக்குகளாகத்தான் கூட முடியும் என்பதால் 0.11 விதி இந்த அளவில் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. உள்ளே இருப்பது திடமானால் குமிழி எந்த வடிவில் நிற்கும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஜூன் 19, வியாழன்

தண்ணீரை வைத்துச் செய்யக் கூடாதா என்று கேட்டிருந்தார் நண்பர் ஒருவர். செய்ய ஆசைதான். ஆனால் சிமுலேஷனில் நீர் மூலக்கூறுக்குப் பயன்படும் கணித மாதிரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. டிப்4பி/2005 மாதிரியில் பனி சுமார் 250 கெல்வினில் உருகுகிறது, எஸ்பிசி/இ மாதிரியில் 215-இல், நிஜத்தில் 273-இல். குமிழிக்குள் நீர் உறைந்தது என்று சொன்னால் எந்த மாதிரியின் நீர் என்ற கேள்வி உடனே வரும்.

சோதனைப் பக்கமும் எளிதில்லை. இரு கிராஃபீன் படலங்களுக்கு நடுவே சதுரப் பனியைப் பார்த்ததாக 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. அந்தச் சதுர ஒழுங்கின் இடைவெளி 2.83 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர்). அது பனியல்ல, சாதாரண உப்பின் படிகமாக இருக்கலாம் என்று அதே ஆண்டில் மறுப்பும் வந்தது. உப்பில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் உள்ள தூரம் 2.82. ஆர்கானில் மின்னூட்டமும் இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை. முறையைச் சரிபார்க்க முதலில் அதுதான் ஏற்றது.

ஜூன் 23, திங்கள்

நடுத்தர அளவுக் குமிழி ஒன்றைத் திரவத்திலிருந்து மெல்லக் குளிர்வித்தேன். அப்புறம் அதையே திடத்திலிருந்து சூடாக்கினேன். உறைந்த வெப்பநிலையும் உருகிய வெப்பநிலையும் ஒன்றாக வரவில்லை. நானோ நொடிக் கணக்கில் நடக்கும் ஓட்டத்தில் படிகக் கரு உருவாகப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதனால் குளிர்விக்கும்போது திரவம் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே நீடிக்கிறது. இரண்டில் எதையும் உருகுநிலை என்று எழுத நான் தயாரில்லை.

குமிழியில் ஒரு பாதியைப் படிகமாகவும் மறுபாதியைத் திரவமாகவும் வைத்து, எல்லை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கும் ஓட்டங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் இன்று மாலை வரிசையில் போட்டுவிட்டேன். எல்லை எந்த வெப்பநிலையில் நகராமல் நிற்கிறதோ, அதையே உருகுநிலையாக எடுத்துக்கொள்வேன்.