மூன்றாம் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு

தொடக்கப் பள்ளி வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினால், முதல் வேலையாக 'அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று அமைப்பை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே வீட்டுப்பாடம் புதைந்துவிடும். சந்தேகம் இருப்பவர்கள் ஆசிரியருக்குத் தனியாக அனுப்பட்டும்.

சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அம்மாக்கள் பலர் இதனாலேயே சேரத் தயங்குவார்கள்; அந்தத் தயக்கம் நியாயமானது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் இந்தச் சிக்கல் இல்லை, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். "டீச்சர், எனக்கு வரவே இல்லையே" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெற்றோர் கூட்டத்தன்றே ஒவ்வொருவர் போனிலும் எண்ணைப் பதிய வைத்துவிடுங்கள்.

பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலை 4 மணிக்கு அனுப்பிவிட்டு 'நாளைக்கே முடித்து வா' என்றால் பிள்ளைக்குத்தான் திட்டு விழும். இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். படிக்கத் தெரியாத தாத்தா, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்குக் குரல் பதிவுதான் வழி: அரை நிமிடம், ஒரே விஷயம், பக்க எண்ணோடு. பாடப் பக்கத்தை ஜன்னலோரம் விரித்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் தாள் பளபளத்து எழுத்து மறையும்.

மதிப்பெண், பிள்ளை அழுதது, அடித்துக்கொண்டது எதுவும் பொதுவில் வேண்டாம். அந்தப் பெற்றோரை மட்டும் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள்.