சிறுவாச்சூரில் மாவிடித்த வெள்ளிக்கிழமை

இந்தத் தடவை மாவிளக்குக்கு மாவிடிக்க உலக்கையை அத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அவருக்குத் தோள்பட்டை வலி. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவர் இடிப்பார், நான் சலித்துக் கொடுப்பேன்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் என் புகுந்த வீட்டுக் குலதெய்வம். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற வழியில் இருக்கிறது கோயில். திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். விசேஷ நாட்கள் தனி. மற்ற நாளெல்லாம் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பாள். அந்தக் கதையை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரில் முதலில் இருந்தவள் செல்லியம்மன். அவளை ஒரு மந்திரவாதி ஆட்டிப்படைத்தான். ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டு வந்த காளி, அவனைக் கொன்றாள். செல்லியம்மன், கோயிலைக் காளிக்கே விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டாள். 2021-இல் அந்த மலையில் சிலைகளை உடைத்துப் போட்டார்கள் என்று கேட்டபோது அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் பிறந்த வீட்டில் காளி என்றாலே பயம், படம்கூட மாட்டமாட்டார்கள். இங்கே அவள் பெயரிலேயே மதுரம் இருக்கிறது.

"வீட்டிலேயே மாவு அரைச்சு எடுத்துட்டுப் போயிடலாமே" என்றார் என் கணவர். "அவ வாசல்ல இடிச்சாத்தான்டா அது மாவிளக்கு" என்றார் அத்தை. அவர் சொல்வதுதான் சரி. கோயிலிலேயே பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி இடிப்பதுதான் இங்கே வழக்கம். ஈரம் அதிகமானால் உரலில் அப்பிக்கொள்ளும், குறைந்தால் நறநறக்கும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மூன்றாவது ஈடிலேயே எனக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெல்லத்தைத் தட்டிக்கொண்டே, "குத்தாதே, உலக்கையை அதும்பாட்டுக்கு விழ விடு" என்றார். அப்புறம் வந்துவிட்டது. மாவு சில்லென்று, பூப்போல விழுந்தது.

வெல்லம் சேர்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, நெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றினோம். தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அத்தை எழுந்திருக்கவில்லை. திரி கடைசிச் சொட்டு நெய்யையும் இழுத்து, ஒருமுறை நிமிர்ந்து எரிந்தது.

"மலையேறிடுச்சு" என்றார் அத்தை. மாவைத் துணியில் முடிந்துகொண்டோம். வெளியே வந்ததும் பெரியசாமி மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். நானும் போட்டேன்.