திருவாரூரில் படித்த சண்டைப் பாட்டு

தேவாரம் பாடிய சுந்தரருக்குக் கண் போன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரிடம் "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்து கொடுத்தவர், திருவாரூர் வசந்த விழா நினைப்பு வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதுமே இரண்டு கண்ணும் இருண்டது. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, சிவனிடம் "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்டார். ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து, "உளோம் போகீர்", இருக்கிறோம், நீர் போம் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் நமக்குச் சொல்வார்களே, அப்படி ஒரு பதில். காஞ்சி ஏகம்பத்தில் இடது கண் கிடைத்தது. வலது கண்ணைக் கேட்கத் திருவாரூர் வந்தார். வந்து அவர் போட்ட சண்டைதான் ஏழாம் திருமுறையின் 95ஆம் பதிகம், "மீளா அடிமை" என்று தொடங்குவது.

அந்தப் பதிகத்தை அதைப் பாடிய இடத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, வலது கை முடங்கி, பேச்சும் குழறிப்போயிருந்த சமயம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "எல்லாம் நன்மைக்கே" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேறு என்னதான் சொல்வார்கள்? ஆனால் தினமும் தேவாரம் படிக்கிற எனக்கே அப்போது "மாசில் வீணையும் மாலை மதியமும்" நாக்கில் வரவில்லை. அப்பர் அதைச் சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருந்து பாடினார் என்பது தெரியும். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. ஒரு ராத்திரி, கணவர் தூங்கிய பிறகு, ஏதோ ஒரு ஓதுவார் பாடிய பதிவைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் இந்த வரி வந்தது:

"மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி..."

சுடர்விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கிற நெருப்பு. வெளியே தெரிவது முகத்தின் வாட்டம் மட்டும். நோயாளிக்கு முன்னால் சிரித்த முகமாக இருக்க வேண்டிய எவருக்கும் இது புரியும். இப்படி இருக்கிற அடியார்கள் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னால், நீர் பேசாமல் உட்கார்ந்திருப்பீர், சரி, "வாழ்ந்து போதீரே" என்று முடிகிறது பாட்டு. நீராவது நல்லாயிரும் என்று வயிறெரிந்து சொல்வோமே, அதேதான். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கணவரைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு நாள் கிளம்பினேன். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். கமலாலயக் கரையில் நின்றால் அது சும்மா சொன்னதில்லை என்று தெரியும். குளத்து நடுவில் நாகநாதர் கோயில் தீவு மாதிரி நிற்கிறது. சாயரட்சை என்கிற சாயங்காலப் பூசைக்குத் தியாகேசர் சன்னதியில் நல்ல கூட்டம். நான் அவரைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் புற்றில் லிங்கமாக இருக்கிற புற்றிடங்கொண்டாரிடம் போனேன். சுந்தரர் பெயர் சொல்லிச் சண்டைக்கு இழுப்பது திருமூலட்டானம் என்கிற இந்த மூலஸ்தானத்தில் இருக்கிற இவரைத்தான். அங்கே கூட்டம் குறைவு. கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

இரண்டாம் பாட்டில் சுந்தரர் வாதத்தை அடுக்குகிறார். "விற்றுக் கொள்வீர் ஒற்றி யல்லேன் விரும்பி ஆட்பட்டேன்" என்கிறார். அடகு வைத்த ஆள் இல்லை, ஆசைப்பட்டு வந்தவன், வேண்டுமானால் விற்றுக்கொள்ளும். அடுத்த வரி, "குற்றம் ஒன்றும் செய்த தில்லை". சத்தியத்தை மீறி ஓடி வந்தவர் சொல்கிறார் இதை! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வலியில் இருக்கிறவனுக்குத் தன் பக்கக் கணக்கு மட்டும்தான் தெரியும், அதை அவர் மறைக்கவும் இல்லை.

நான் கொஞ்சம் சத்தமாகவே படித்துவிட்டேன் போல. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சாமியையா வையுற?"

"நான் இல்ல பெரியம்மா, சுந்தரர் வஞ்சது."

"அவரா? அப்ப சரி. நீ படி."

படித்தேன். வீட்டில் படித்தபோது கண்ணில் படாத ஒன்று அங்கே பட்டது. பதிகத்தில் அங்கங்கே பறவைகளும் பூவும். அன்றில் வந்து அடைகிறது, செங்கால் நாரை வந்து சேர்கிறது, செருந்தி பொன்னாகப் பூக்கிறது. "இதுவோ திருவாரூர்" என்று இரண்டு பாட்டில் கேட்கிறார். இத்தனை பறவைக்கும் சோலையில் இடம் கொடுத்த ஊர், எனக்கு ஒரு கண் கொடுக்காதா என்று கேட்பது போலத்தான் எனக்குப் பட்டது. வெளியே அந்த நேரத்தில் கோபுரத்தைச் சுற்றிப் பறவைகள் போட்ட இரைச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

இன்னொன்று. தேவாரப் பதிகங்களின் கடைசிப் பாட்டில் வழக்கமாக, இதைப் பாடுகிறவர்களுக்கு வினை தீரும், வானுலகம் கிடைக்கும் என்று ஒரு பலன் வரும். இந்தப் பதிகத்தின் பதினோராம் பாட்டில் அது இல்லை. "பாரூர் அறிய என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்" என்று தன் பெயரையும் போட்டு, ஊரறியக் குற்றம் சாட்டிவிட்டு, கடைசி வரை "வாழ்ந்து போதீரே" என்றே முடிக்கிறார். அதைக் கேட்டுத்தான் இறைவன் வலது கண்ணைக் கொடுத்தார் என்பது சேக்கிழார் வாக்கு. திருமுறையைத் தொகுத்தவர்களும் இதைத் தள்ளிவிடவில்லை. செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகம் இது. நியாயம் கேட்ட பாட்டையே பூசையில் பாடுகிற ஒரு மரபுக்குள் நானும் இருக்கிறேன் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. அழுகை வந்தது, கோபமும் இருந்தது, இரண்டோடும் எழுந்து இன்னொரு தடவை கும்பிட முடிந்தது.

வீடு திரும்பிக் கணவருக்குப் பதிகத்தைப் படித்துக் காட்டினேன். "குன்றில் முட்டிக் குழியில் விழுந்தால்" என்ற இடத்தில் சிரித்தார். குளியலறையில் விழுந்தது ஞாபகம் வந்திருக்கும்.

"கண்ணு... வந்துதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்துதுங்க. பாடினதுமே."

கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ... சரியாத் திட்டலை" என்றார்.