சப்பாத்து போட்டதும் அம்மா

நேற்றுக் காலை நேர்சரிக் கேற்றடியில் மகன் என் கையை விட்டான். செகியூரிட்டி அங்கிளுக்கு 'குட் மோனிங்' சொன்னான், தன்பாட்டில் உள்ளே போனான். திரும்பி ஓடி வருவான் என்று ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். வரவில்லை. தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை தொடங்கியது, இந்த இடத்துக்கு வர ஏழு கிழமை எடுத்திருக்கிறது. அதில் மூன்று கிழமையாவது என் பிழையால் போனது. வேறு யாருக்கும் அந்த மூன்று கிழமை மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவனுக்கு மூன்றரை வயது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்த மொண்டிசூரி. (கொழும்பில் எல்லா நேர்சரியும் மொண்டிசூரிதான், உள்ளே என்ன முறையில் படிப்பித்தாலும்.) படிவம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, படம், காசு எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. கிளினிக் புத்தகத்தின் தடுப்பூசிப் பக்கத்தில் மட்டும் இழுபட்டது. 3 வயதில் போடவேண்டிய எம்.எம்.ஆர். இரண்டாவது டோஸை அந்த நேரம் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டு, அப்படியே மறந்துவிட்டிருந்தோம். ஒஃபிஸில் இருந்த பெண் ஒன்றும் கதைக்காமல் அந்த வெறும் கட்டத்தைப் பேனையால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். கிளினிக் நாள் பார்த்துப் போய்ப் போட்டுக்கொண்டு வர ஒரு கிழமை. அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்க இருப்பவர்கள் அந்தக் கட்டத்தை இன்றிரவே திறந்து பாருங்கள்.

முதல் நாள் அம்மாக்களும் உள்ளே இருக்கலாம். கட்டைகளை அடுக்கினான், சிரித்தான், பக்கத்துப் பிள்ளையின் தொப்பியைப் பறித்தான். "உங்கட மகனால பிரச்சினையே வராது" என்றார்கள். இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் நாள்தான் நான் செய்த பிழை. அவன் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். இப்போது நழுவுங்கள் என்று ரீச்சர் கண்ணைக் காட்டினார். மாமியும் முதல் நாளிரவே சொல்லியிருந்தார்: "பிள்ளை, சொல்லிப்போட்டு வந்தால் அழுவான். அவன் பார்க்காத நேரம் வந்திடு." செருப்புச் சத்தம் கேட்கும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேற்றைத் தாண்டினேன். காலி வீதி வரும்வரை நிம்மதியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறவில்லை, போன் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு நிமிடம் என்னை விடவில்லை. குசினிக்குப் போனால் பின்னால் வருவான். குளியலறைக் கதவுக்கு வெளியே இருந்துகொண்டு "அம்மா இருக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இரவில் என் தாலிக்கொடியை விரலில் சுற்றிக்கொண்டுதான் நித்திரை. மெதுவாக எடுக்கப் பார்த்தால் கண் முழித்துவிடுவான். காலையில் கேற்றுக் கம்பியைப் பிடித்தால் ஆயாவும் நானும் விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். அவன் அழுததுகூடப் பரவாயில்லை. மண்ணில் விளையாட மாட்டேன் என்றுவிட்டான். விளையாடினால் அம்மா காணாமல் போவார் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

பெரிய வகுப்பு ரீச்சர் ஒருவர், தலை நரைத்தவர், ஒரு நாள் கேற்றடியில் என்னை மறித்தார். "சொல்லிப்போட்டுப் போங்கோ. அழுவான், அழட்டும். ஒருக்கா சொல்லுங்கோ, ஒருக்கா கொஞ்சுங்கோ, திரும்பி வராதேங்கோ. சொன்ன நேரத்துக்கு மட்டும் நில்லுங்கோ." இவ்வளவுதான். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. சரி, என்னிடமும் பிழை இருக்கிறது. நான் கேட்கவும் இல்லை.

சொன்ன நேரத்துக்கு என்றால், எப்படிச் சொல்வது? மூன்றரை வயதுக்குப் பதினொன்றரை மணி என்றால் ஒன்றும் விளங்காது. கண்ணுக்கும் காதுக்கும் படும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். மொண்டிசூரிக்குப் பின்னால் மரைன் டிரைவ், அதற்கு அங்கால் கடலோரத் தண்டவாளம். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். "ரயில் போனதும் அம்மா வருவன்" என்றேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கோட்டையிலிருந்து தெஹிவளைப் பக்கம் போகிறதும் அங்கிருந்து வருகிறதும் எல்லாம் அந்தப் பாதைதான் என்பது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் ரயில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு ஓடியிருக்கிறான். ஐந்து தரம். ஆறாவது ரயிலுக்கு எழும்பவில்லையாம். ரீச்சர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

பிறகு செய்தது மிகச் சின்ன வேலை. அங்கே காலையிலிருந்து என்ன என்ன நடக்கும் என்று ரீச்சரிடம் கேட்டு எழுதி வந்தேன். வட்டமாக இருந்து பாட்டு, கை கழுவி சாப்பாடு, மண் விளையாட்டு, கதை, கடைசியாகச் சப்பாத்து. இரவில் படுக்கையில் அவன் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெருவிரல் பாட்டு. சுண்டுவிரல் சப்பாத்து. "சப்பாத்து போட்டதும் அம்மா." மூன்றாம் நாள் ரீச்சர் சொன்னார், கதை நேரத்தில் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு இருந்தானாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது: சப்பாத்து போடும் நேரம் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். நான் பம்பலப்பிட்டியில் வேலை. மத்தியான இடைவேளையை முன்னுக்கு மாற்றி, ஓட்டோ பிடித்து, பதினொன்று இருபதுக்கே போய் நின்றேன். ஒன்பது நாள் ஒரு பிழையும் வரவில்லை. பத்தாம் நாள் கூட்டம் ஒன்று, வர முடியாது. சரி, அப்பப்பா வருவார் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லி, அப்பப்பாவும் பதினொன்றுக்கே போய் நின்றுவிட்டார்.

செகியூரிட்டி விடவில்லை. கூட்டிப் போகிறவர் பெயர் பட்டியலில் இல்லை, அடையாள அட்டைப் பிரதியும் கொடுக்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் அதற்கு ஓர் இடம் இருந்திருக்கிறது, நாங்கள் திருப்பியே பார்க்கவில்லை. அப்பப்பா அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகம், கந்தோரில் பழகிய மரியாதைச் சிங்களத்தில் நிறையக் கதைத்துப் பார்த்திருக்கிறார். அதற்குள் மகன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து, கம்பிக்கு உள்ளே அவன், வெளியே அவர். "என்ர பேரனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஐடி வேணுமாம்!" என்று போனில் சத்தம் போட்டார். அட்டை வீட்டில். வீட்டுக்கு ஓடி, பிறகு காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையில் பிரதி எடுத்து, திரும்பி வர நாற்பது நிமிடம். செகியூரிட்டி செய்தது சரி என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சேர்க்கிற அன்றே வீட்டில் இருக்கும் எல்லோருடைய பிரதியையும் கொடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டு அன்ரி உட்பட.

அடுத்தது சாப்பாட்டுப் பெட்டி. முதல் நான்கு நாளும் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. பயறும் தேங்காய்ப்பூவும், சான்ட்விச், வெட்டின பப்பாசி, ஒன்றிலும் கை வைக்கவில்லை. ஏக்கத்தில் சாப்பிடவில்லை என்று மாமி கண் கலங்கினார். "பசிக்கேல்லையாம்" என்றார் ரீச்சர். சனிக்கிழமை சும்மா ஒரு விளையாட்டுக்குப் பாய் விரித்து, பெட்டியை முன்னால் வைத்து, "இப்ப சாப்பாட்டு நேரம்" என்றேன். நான்கு பக்கமும் கிளிப் வைத்த பெட்டி, தண்ணீர் ஒழுகாது என்று தேடி வாங்கியது. ஒரு கிளிப்பைப் பெருவிரலால் தள்ளினான். நகம் வெள்ளையானது. மற்றக் கையையும் வைத்துத் தள்ளினான். பிறகு பெட்டியை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பசிக்கேல்ல" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று பின்னேரமே சும்மா அமத்தித் திறக்கும் மூடி போட்ட பெட்டி வாங்கினோம். திங்கட்கிழமை பெட்டி வெறுமையாக வந்தது. அதற்குப் பிறகு காற்சட்டைக் கொக்கியை எடுத்து எலாஸ்டிக் வைத்தேன், வார்ச் சப்பாத்தை மாற்றி ஒட்டுகிற சப்பாத்து வாங்கினேன்.

எலாஸ்டிக் வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்றாம் கிழமை ஒரு நாள் பைக்குள் ஒரு சொப்பிங் பை, இறுக முடிச்சுப் போட்டு. உள்ளே ஈரக் காற்சட்டை. வீட்டில் அவன் "ஒண்டுக்கு வருது" என்று சொல்லிப் பழகியவன். தமிழ் தெரிந்த ரீச்சர் அன்று லீவு. உதவிக்கு நின்றவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான். பிள்ளை ஒண்டுக்கு ஒண்டுக்கு என்று சொல்ல, அவர் ஒன்று இரண்டு எண்ணுகிறான் என்று நினைத்து "வெரி குட்" சொல்லியிருக்கிறார். யாரைக் கோபிக்க? மூன்று மொழிக்காரருக்கும் விளங்குகிற ஒரு சொல்லை அன்றே பழக்கினோம்: டொய்லெட். கூடவே 'தண்ணி', 'நோகுது' இரண்டுக்கும் ஆங்கிலமும் சிங்களமும். கொழும்பில் எழுத்துப் படிப்பிக்க முதல் இதைப் படிப்பியுங்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கினோம், 'அ' எழுதுவான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தோம். 'அ' எழுதத் தெரிந்து என்ன பயன்?

விடுமுறைகளைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. தொடங்கினவுடன் தைப்பொங்கல். பிறகு போயா, பௌர்ணமி விடுமுறை. பிறகு பெப்ரவரி 4 சுதந்திர தினம். பிறகு நவம் போயா. ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் கேற்றடியில் முதலிலிருந்து அழுகை, அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு கிழமை காய்ச்சல், தடிமன், அவனிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து இவருக்கு. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பயம்தான். பனடோல் (பரசிட்டமோல்) தவிர வேறு காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மூன்றாம் நாள் இரத்தம் பார்த்து, இல்லை என்றானதும்தான் மூச்சு வந்தது. திரும்பிப் போன நாள்? ஆம், முதலிலிருந்து.

இன்னொன்று: அங்கே அழுகை நின்ற பிறகு வீட்டில் தொடங்கியது. "இன்றைக்கு நல்ல பிள்ளை" என்று ரீச்சர் சொன்ன நாட்களில்தான் மத்தியானம் பெரிய கலாட்டா. ஒரு நாள் வாழைப்பழம் உரிக்கும்போது பாதியில் உடைந்தது. அதை ஒட்டித் தரச் சொல்லி அரை மணித்தியாலம். முதலில் அதட்டினேன். பிறகு விளங்கியது, மூன்றரை மணித்தியாலம் அடக்கி வைத்ததைக் கொட்ட அவனுக்கு வேறு இடம் இல்லை. இப்போது வந்தவுடன் "இண்டைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்பதில்லை. சாப்பாடு, தலையில் தண்ணீர், தரையில் பாய். இரவு நித்திரைக்கு முன் தானாகவே எல்லாம் வரும், யார் யாரைக் கடித்தது என்பது உட்பட.

சித்திரை வருஷ விடுமுறை வருகிறது, இதுவரை வந்ததில் அதுதான் நீளம். அது முடியும் திங்கட்கிழமைக்கு இப்போதே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பப்பா தன் அடையாள அட்டையைச் சட்டைப் பையை விட்டு எடுப்பதே இல்லை.