நாலு சுரத்தை வைத்துக்கொண்டு

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியின் தொடக்கத்தை நம்முடைய சுரத்தில் எழுதினால் இவ்வளவுதான்: பபப கா, மமம ரீ. கா என்பது சாதாரண காந்தாரம், ரீ என்பது சதுஸ்ருதி ரிஷபம். மூன்று குறில், ஒரு நெடில். திரும்பவும் மூன்று குறில், ஒரு நெடில். அந்த நெடிலில் தாளமே நின்றுவிடுகிறது. வாத்தியக்குழுவின் நடத்துநர் விடும்வரை வாத்தியக்காரர் எல்லோரும் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளை இதைப் பாடிக்காட்டி "நான் போட்ட மெட்டு" என்று சொன்னால், "சரி, மிச்சம் எங்கே?" என்றுதான் கேட்பேன்.

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் கிளிநொச்சியில் வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தேன். ஆனால் அதற்கு முன்பே என் காதைப் பழக்கியது மேளம். வன்னியில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கச்சேரி நடுவில் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். திருவிழா மேளத்துக்கு டைனமோ வேண்டியதில்லை. தவில்காரர்கள் எதிரெதிரே இருந்து வாசிக்கும் மேளச்சமா நடக்கும் இரவில் சாக்கை விரித்துக்கொண்டு தவில்காரருக்குப் பக்கத்திலேயே இருப்போம். மேற்கத்திய இசை எனக்கு மிகவும் பிந்தித்தான் வந்தது. வந்தபோது நான் அதைத் தவில் கேட்ட காதால்தான் கேட்டேன். அதனால்தான் அது எனக்குப் பிடிபட்டது என்று நம்புகிறேன்.

ஐந்தாவது சிம்பனியை என் கைபேசியில் ஒரு தவில் வித்துவானுக்குப் போட்டுக் காட்டினேன். வட்டாப்பளை, புதூர் என்று வன்னிக் கோயில்களுக்கெல்லாம் போய் வாசிக்கிறவர். மேற்கத்திய இசையைக் கேட்டுப் பழக்கம் இல்லை. தொடங்கின உடனேயே கையைத் தொடையில் தட்டினார். "தங்கச்சி, இது சமத்தில எடுக்கேல்லை. அரை இடம் தள்ளி எடுக்கிறாங்கள்."

சமம் என்றால் தாளம் தொடங்கும் இடம். அவர் சொன்னது சரி. இசைக்குறிப்பைப் பார்த்தால் முதலில் இருப்பது சுரம் இல்லை, ஒரு சின்ன மௌனம். ஒரு கட்டத்துக்கு இரண்டு அடி. முதல் அடியின் முதல் பாதி வெறுமை. அதற்குப் பிறகுதான் அந்த மூன்று குறிலும். தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுப்பதை நாம் அனாகத எடுப்பு என்று சொல்கிறோமே, அதே விடயம். கேட்பவருக்கு மௌனம் தெரியாது, ஆனால் வாசிக்கிறவரின் உடம்புக்குத் தெரியும். அந்த இடத்தில் மூச்சை இழுத்துத்தான் வில்லை வைக்க முடியும். அந்தத் தொடக்கம் பாய்கிற மாதிரிக் கேட்பதற்குப் பாதிக் காரணம் அதற்கு முன்னால் இருக்கும் வெறுமைதான்.

அப்புறம் அந்த நாலு சுரமும் விடுவதே இல்லை. முதல் பகுதி முழுக்க ஒரு வாத்தியம் வைத்த இடத்தில் இன்னொன்று எடுக்கிறது. மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, அடுக்கடுக்காக வருகிறது. சுரங்கள் மாறிக்கொண்டே இருக்க, மூன்று குறில் ஒரு நெடில் என்ற நடை மட்டும் மாறாமல் நிற்கிறது. கொஞ்சத்தில் கொம்பு (ஹார்ன்) வாத்தியங்கள் இன்னொரு கூப்பாடு போடும். இப்போது ஆதார சட்ஜம் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. அந்தப் புதுச் சட்ஜத்திலிருந்து பார்த்தால்: பபப ஸா ரீ பா. முதலில் ஒரு நெடில் இருந்தது, இப்போது மூன்று. அதே தொடரை இழுத்து நீட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தொடர்ந்து வயலின்கள் மென்மையான ஒரு மெட்டை எடுக்கின்றன. ஆறுதலாக இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தால், அடியில் செல்லோவும் பாஸும் அந்தப் பழைய நடையை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

என் தவில் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தது நடுப்பகுதியில்தான். மேற்கத்தியர் அந்தப் பகுதியை டெவலப்மென்ட் என்கிறார்கள். தொடக்கத்தில் வைத்த கருவை எடுத்து, உடைத்து, வேறு வேறு சுருதிகளுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் இடம். கொம்பு போட்ட அந்தக் கூப்பாட்டை முதலில் வயலின்கள் முழுதாக வாசிக்கின்றன. பிறகு அதன் வாலில் இருக்கும் இரண்டு நெடில் மட்டும் மிஞ்சுகிறது. ஊதுகிற வாத்தியங்கள் இரண்டு, தந்தி வாத்தியங்கள் இரண்டு என்று மாறி மாறி வாசிக்கின்றன. பிறகு அதுவும் உடைந்து ஒன்றுக்கு ஒன்று ஆகிறது: அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. சத்தமும் குறைந்துகொண்டே போகிறது. இனி உடைப்பதற்கு எதுவும் இல்லை என்ற நிலையில் திடீரென்று மொத்த வாத்தியக்குழுவும் அந்தக் கூப்பாட்டை முழுப் பலத்தோடு அடிக்கிறது.

"இது குறைப்பு, தங்கச்சி," என்றார் அவர். "குறைச்சுக் குறைச்சுக் கொண்டுவந்து மோராவில விடுறான்."

நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. மேளச்சமாவில் இரண்டு தவில் எதிரெதிரே இருந்து வாசிக்கும்போது என்ன நடக்கிறது? ஒருவர் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, வாசிப்பார், மற்றவர் பதில் சொல்வார். பிறகு ஒன்று, பிறகு அரை, பிறகு கால். கடைசியில் ஒரு தட்டுக்கு ஒரு தட்டு. அந்த இடத்தில் கூட்டம் மூச்சு விடாது. அதன் பிறகு இருவரும் சேர்ந்து, முடிப்பதற்கென்று வாசிக்கும் தொடரான மோராவுக்குப் போய், தீர்மானம் வைத்து முடிப்பார்கள். கற்பனைச் சுரத்திலும் இதே முறைதான். சுருக்குவதால் கனம் கூடுகிறது. நீளமாக இருக்கும்போது காது சுற்றுமுற்றும் பார்க்கும். துண்டு சின்னதாகச் சின்னதாக அதைத் தவிர வேறு எதையும் பார்க்காது.

இதை எழுதும்போது ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். நம்முடைய இசையும் அவர்களுடையதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. நமக்குத் தம்புரா அசையாது. இரண்டரை மணி நேரக் கச்சேரியிலும் சட்ஜம் அதே இடத்தில்தான். வேறொரு சுரத்தைச் சட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தாலும் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம். அவர்களுக்குச் சட்ஜத்தை நகர்த்துவதுதான் கதையே. அந்த முதல் பகுதியின் கடைசியில் கொம்பின் கூப்பாடு திரும்ப வரும்போது, அது வீட்டுச் சட்ஜத்துக்கு வந்திருக்கும். ஆனால் அன்றைய கொம்புகளுக்கு இன்று இருப்பது போல வால்வு இல்லை, எல்லாச் சுருதியிலும் வாசிக்க இயலாது. அதனால் பீத்தோவன் அந்த இடத்தைப் பசூன் என்ற ஊதுகுழல் வாத்தியத்துக்குக் கொடுத்தார். இன்று சில குழுக்கள் அதைக் கொம்பிலேயே வாசிக்கிறார்கள். எனக்குப் பசூன்தான் பிடிக்கும். அதே சொல்லை வேறொரு தொண்டையில் கேட்பது போல இருக்கும்.

ஐந்தாவது சிம்பனி முதன்முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22 அன்று, வியன்னாவில். குளிரில் நாலு மணி நேரம் நீண்ட நிகழ்ச்சி. ஆறாவது சிம்பனியும் நாலாவது பியானோ கொன்செர்ட்டோவும் அதே மேடையில்தான். பீத்தோவன் அதற்கு நாலு வருடம் முன்பே இதன் குறிப்புகளைத் தொடங்கிவிட்டார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன: எழுதியது, வெட்டியது, மாற்றியது எல்லாமே. அதே காலத்தில் திருவையாற்றில் தியாகராஜர் இருந்தார். பீத்தோவன் 1770இல் பிறந்தார், தியாகராஜர் 1767இல். ஒருவரை மற்றவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்: ஒரு சின்னத் தொடருக்குள் எவ்வளவு இருக்கிறது?

தியாகராஜர் கண்ட வழி சங்கதி: ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் திரும்பத் திரும்பப் பாடுவது. கரகரப்பிரியாவில் "சக்கனி ராஜ" கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ராஜபாட்டை இருக்கும்போது சந்துக்குள் ஏன் நுழைகிறாய் மனமே என்று கேட்கும் பாட்டு. கண்டி வீதி இருக்க ஒழுங்கைக்குள் ஏன் போகிறாய் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பேன். பல்லவியை முதலில் நேராகப் பாடுகிறோம். அடுத்த சங்கதியில் வரியின் தலை அப்படியே இருக்கும், வால் மட்டும் கொஞ்சம் மாறும். அதற்கடுத்ததில் அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டே இன்னொரு இடம் அசையும். ஒவ்வொரு சங்கதியும் முந்தியதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே காலை வைக்கிறது. கடைசிச் சங்கதியை மட்டும் தனியாகப் பாடினால் வேறு பாட்டு என்று தோன்றும். வரிசையாகப் பாடினால் எந்த இடத்திலும் குதித்ததாகத் தெரியாது. சில பாடகர்கள் நேரம் போதாதென்று நடுச் சங்கதிகளை விட்டுவிட்டுக் கடைசிக்குத் தாவுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. நடுவில் இருக்கிறதுதான் அந்தக் கீர்த்தனையின் உழைப்பு.

தியாகராஜர் குறிப்பேடு வைத்து வெட்டித் திருத்தினார் என்று காட்ட நம்மிடம் தாள்கள் இல்லை. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் பரம்பரைகள் வழியாகப் பாட்டுகள் வந்தன. ஒரே கீர்த்தனைக்குச் சங்கதி வரிசை பாடத்துக்குப் பாடம் வேறுபடும். ஐரோப்பாவில் தாளில் நடந்த வேலை இங்கே தொண்டையில் நடந்திருக்கிறது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இன்னொரு வகை. விசைப்பலகை வாத்தியத்துக்கு அவர் எழுதிய கோல்ட்பர்க் மாறுபாடுகள் 1741இல் அச்சானவை. ஒரு மெட்டு, அதன் மேல் முப்பது மாறுபாடுகள், கடைசியில் அந்த மெட்டு திரும்பவும். ஆனால் அவர் மாற்றிக்கொண்டு போவது மேலே கேட்கும் மெட்டை அல்ல. அடியில் நடக்கும் கீழ்ச்சுர வரிசையைத்தான் வைத்துக்கொள்கிறார். வீட்டின் அத்திவாரம் மட்டும் அப்படியே, மேலே முப்பது வேறு வேறு வீடு. அதனால் முதல் முறை கேட்கும் நம் ஆட்களுக்குத் தொடர்பே தெரியாது. இடதுகையை மட்டும் கேட்கச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடுவார்கள். ஒரே கருவைக் குரல் குரலாக எடுத்துப் பின்னும் வடிவம் ஃபியூக். "ஃபியூக் கலை" என்ற தொகுப்பில் அவர் ஒரே கருவைத் தலைகீழாகத் திருப்புகிறார், இரண்டு மடங்கு நீட்டுகிறார், பாதியாகச் சுருக்குகிறார். ராகம் தானம் பல்லவியில் ஒரே பல்லவி வரியை மூன்று காலத்தில் பாடுவதையும் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் பாடுவதையும் கேட்டவர்களுக்கு நீட்டலும் சுருக்கலும் புதிதல்ல. தலைகீழ்தான் நம் ஆட்கள் அதிகம் செய்யாதது.

டியாபெல்லி என்ற பதிப்பாளர் 1819இல் ஒரு சாதாரண வால்ட்ஸ் மெட்டை எழுதிப் பல இசையமைப்பாளர்களுக்கு அனுப்பி ஆளுக்கொரு மாறுபாடு கேட்டார். பீத்தோவன் முப்பத்துமூன்று எழுதிக்கொடுத்தார். மெட்டு சுமாரானது, அதன் மேல் எழுந்ததோ பியானோவுக்கு எழுதப்பட்ட மிகப் பெரிய படைப்புகளில் ஒன்று.

இந்த வருடப் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக் குழுப்பாடலுக்கு என் மாணவன் ஒருவன் தானே மெட்டுப் போட்டு வந்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருவதிலிருந்து அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, வரைக்கும் பாட்டு. பல்லவி மோகனம், முதல் சரணம் ஹம்சத்வனி, அடுத்தது சிவரஞ்சனி, முடிவு மத்தியமாவதி. ஒவ்வொன்றும் தனித்தனியே அழகு. நான், "தம்பி, இதுக்குள்ள நாலு பாட்டு கிடக்கு, ஒண்டை வைச்சுக்கொள்ளும்" என்றேன். "ஒண்டையே பாடினா ஆக்களுக்கு அலுக்கும் ரீச்சர்" என்றான். இந்தப் பயம் இப்போது மெட்டுப் போடுகிற எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. முப்பது விநாடிக்கு ஒரு புது மெட்டு வராவிட்டால் கேட்கிறவர் எழுந்து போய்விடுவார் என்று நினைக்கிறார்கள்.

அவனுடைய பல்லவியின் தலையை மட்டும் எடுத்தோம்: ஸஸரி கா. அருவி வெட்டுப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது போல, அந்தத் துண்டை இரண்டு குழுவாகப் பிரித்தேன். அதையே ஒரு படி தூக்கினால் ரிரிக பா. தலைகீழாகத் திருப்பினால் மேல் சட்ஜத்திலிருந்து ஸஸத பா. மோகனத்தை விட்டு வெளியே போகவே இல்லை. தண்ணீர் வரும் இடத்தில் அதைச் சௌக்கமாக நீட்டினான். வெட்டு நடக்கும் இடத்தில் இரட்டிப்பு வேகம். சிவரஞ்சனியை விடத்தான் அவனுக்கு மனம் வரவில்லை. அந்த மெட்டை வேறொரு பாட்டுக்கு எழுதி வைக்கச் சொன்னேன்.

இன்னும் ஒரு இடம் சரியாக அமையவில்லை. வெட்டு முடிந்து, வெட்டிய நெல்லைக் குவித்துச் சூடு வைக்கும் வரிக்கு முன்னால் இரண்டு குழுவும் "ஸஸரி கா" வை மாறி மாறிப் பாடிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்: முழுத் தொடர், பிறகு "ரி கா", பிறகு வெறும் "கா". பிள்ளைகள் ஒற்றைச் சுரத்துக்கு வந்ததும் அவசரப்பட்டு ஓடுகிறார்கள். தவில் அண்ணை வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து கூட இருந்து தட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மிருதங்கம் படிக்கிற பெடியனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.