கால் மணி நேரத்துக்கு ஒரு அழுகை

என் மகனுக்கு அப்போது ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாதமே தலை நன்றாக நின்றுவிட்டது. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் குப்புற விழுந்தான். விழுந்தவனுக்குத் திரும்பி மல்லாக்கத் தெரியவில்லை. ஒரு கையை வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்துவான். கொஞ்ச நாளில் அந்தக் கையை உருவிக்கொள்ளவும் கற்றுக்கொண்டான். தடுப்பூசி போடும் நாளில் கிராம சுகாதார செவிலியர் அக்கா எடை போட்டு, தாய் சேய் நல அட்டையில் எழுதிக்கொண்டே, "கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா? ஒரு கையில இருக்கிறத அடுத்த கைக்கு மாத்துறானா?" என்று கேட்பார். அவர் கேட்ட பிறகுதான் அதையெல்லாம் கவனிக்கவே ஆரம்பித்தேன். கிலுகிலுப்பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, பிறகு நேராக வாய்க்குக் கொண்டுபோவான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகு பருப்பும் சோறும் குழைத்துக் கொடுக்கத் தொடங்கினோம். கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்தன; வீட்டில் பல் கொழுக்கட்டை செய்து பிள்ளை தலையில் கொட்டினார்கள். உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து என்றால் சாதாரண விசேஷம் இல்லை. தாய்மாமன் சீர், பந்தல், கறிச்சோறு என்று ஊரே கூடும். என் அண்ணன் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார். இடையில் பிள்ளைக்குச் சளியும் லேசான காய்ச்சலும் வந்து, அதுவாகவே சரியாகிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் வீல் என்று அலறி எழுந்தான். பசி அழுகை எனக்குத் தெரியும், தூக்க அழுகையும் தெரியும். இது வேறு. முகம் வெளுத்து, இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கி அழுதான். தூக்கித் தோளில் போட்டேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் என் தாலிக்கயிற்றைப் பிடித்து விளையாடினான், பால் குடித்தான், சிரித்தான். சரி, காற்று அடைத்திருக்கும் என்று படுக்கவைத்தோம். கால் மணி நேரம் போயிருக்கும், மறுபடியும் அதே அலறல்.

அந்த வாரம்தான் அவன் முழங்காலைக் கூட்டி இடுப்பைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தான். தவழப் போகிறான் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்ததால் காலை மடக்குவது யார் கண்ணுக்கும் புதிதாகப் படவில்லை. பல் வருகிற நேரம், புதுச் சாப்பாடு என்று காரணம் சொல்லவும் வீட்டில் ஆள் இருந்தது. ஓமத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டுனா சரியாப் போகும்" என்றார். இன்னொருவர், குடலேற்றம், வயிற்றில் எண்ணெய் போட்டுத் தட்ட வேண்டும் என்றார்.

எங்கள் தெருவில் குடல் தட்டத் தெரிந்தவர் என் வீட்டுக்காரரின் அப்பத்தாதான். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் தட்டிவிட்டிருக்கிறார். அவரிடம்தான் பிள்ளையைக் கொடுத்தோம். மடியில் கிடத்தி, வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அடுத்த அழுகை வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். வந்தது, போனது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு சொன்னார்: "இது காத்தும் இல்ல, குடலேத்தமும் இல்ல தாயி. பிள்ளைத்தாச்சிக்கு இடுப்புவலி வர்ற கணக்கா விட்டு விட்டு வருது. வலது பக்கம் கட்டியா ஒண்ணு தட்டுப்படுது. நான் தொட மாட்டேன், ஆசுபத்திரிக்குக் கெளம்புங்க." அவர் அன்றைக்கு எண்ணெயைத் தொடாமல் விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகுதான் புரிந்தது. உள்ளே மாட்டி வீங்கியிருக்கும் குடலை வெளியிலிருந்து அழுத்தினால் கிழிந்துபோகக்கூடும்.

முதலில் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். எங்கள் முறை வரும்போது அவன் அழுகை நின்று, மருத்துவரின் டார்ச் லைட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சிரிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, நோய் இருக்கிறது என்று என்னால் வற்புறுத்த முடியவில்லை. இந்த நோயில் ஏமாற்றுவதே இந்த இடைவெளிதான். வலி வரும்போது உயிர் போகிற மாதிரி அழுகிற குழந்தை, வலி விட்டதும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அந்த நேரத்தில் பார்க்கிற யாருக்கும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

வீடு திரும்புகிற வழியிலேயே வாந்தி எடுத்தான். முதலில் குடித்த பால் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது பச்சையாக இருந்தது. இப்போது இடையில் சிரிப்பும் இல்லை. துவண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தான். அப்படியே அரசு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அங்கே பணியில் இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். பிள்ளையைப் படுக்கவைத்ததும் என் வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். காலையில் வந்த அழுகைகளில் ஒன்றை, காலை மடக்குவது தெரிகிற மாதிரி அவர் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அந்த அம்மா பாதி வீடியோவிலேயே எழுந்துவிட்டார். "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது? வாந்தி என்ன நிறம்? மலத்தில ரத்தம் போச்சா? போன ரெண்டு வாரத்தில சளி, பேதி ஏதாவது?" எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டயப்பரைத் திறந்து பார்த்த செவிலியர், "டாக்டர்" என்றார். சளியோடு கலந்து கருஞ்சிவப்பாக ரத்தம்.

குடல் செருகலாக இருக்கும் என்றார். சிறுகுடலின் கடைசிப் பகுதி தன்னை அடுத்திருக்கும் பெருங்குடலுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. குடல் தள்ளும் ஒவ்வொரு முறையும் இன்னும் உள்ளே போகிறது. அதனால்தான் வலி விட்டு விட்டு வருகிறது. மாட்டிய பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் குடல் அழுகிவிடும். ஒரு வயதுக்குள், அதிலும் ஐந்து மாதம் முதல் ஒன்பது மாதம் வரை அதிகமாக வருகிறதாம். ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலும் ஒரு காரணமும் பிடிபடாது. ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு குடல் சுவரில் நோயை எதிர்க்க இருக்கும் நிணத் திசுக்கள் வீங்கி, குடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுண்டு என்றார். சாப்பாட்டில் நான் செய்த எதனாலும் இல்லை என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எப்போதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கையில் ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றி, மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டு, 108 ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். செல்லம்பட்டி, செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை என்று அந்த நாற்பது கிலோமீட்டரும் அவன் என் நெஞ்சில் முகத்தை வைத்துத் தேடிக்கொண்டே வந்தான். எனக்குப் பால் கட்டி, சேலை நனைந்துவிட்டது. கடைசியில் அவனை என் வீட்டுக்காரர் மடிக்கு மாற்றினேன். என் வாசம் பட்டால் இன்னும் அழுவான் என்று நான் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். நோயைவிட அந்தப் பயணம்தான் இன்னும் என் நினைவில் அதிகம் வருகிறது.

பெரியாஸ்பத்திரியில் போனவுடன் ஸ்கேன். ஜெல்லைத் தடவி வலது பக்கம் வைத்ததுமே திரையில் வட்டத்துக்குள் வட்டமாக ஒன்று தெரிந்தது. "இதுதாம்மா, குடலுக்குள்ள குடல்" என்று விரல் வைத்துக் காட்டினார் ஸ்கேன் டாக்டர். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வயிறு கல்லாக இறுகவில்லை, குடலில் ஓட்டை விழவில்லை, அதனால் கிழிக்காமலே முயற்சி செய்யலாம் என்றார்கள். ஆசனவாய் வழியாகக் குழாய் வைத்து உப்புநீரைச் செலுத்தி, அந்த அழுத்தத்தில் மாட்டிய குடலைப் பின்னுக்குத் தள்ளுவது. சில இடங்களில் தண்ணீருக்குப் பதில் காற்றைச் செலுத்துவார்கள். சீக்கிரம் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடும்; ஆகாவிட்டால் உடனே ஆபரேஷன். இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கினார்கள். தியேட்டரும் தயாராக இருந்தது.

என்னை உள்ளே விட்டார்கள். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வது என் வேலை. உப்புநீர்ப் பை கம்பியில் உயரத்தில் தொங்கியது. தண்ணீர் இறங்க இறங்க, ஸ்கேன் கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டே டாக்டர் சொல்லிக்கொண்டு வந்தார்: "போகுது… போகுது… நின்னுடுச்சு." சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனையில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. தண்ணீரை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஏற்றினார்கள். திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கறுப்பாகத் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்து பரவுவது எனக்கே தெரிந்தது. "சிறுகுடலுக்குள்ள போயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். வட்டம் இருந்த இடத்தில் வட்டம் இல்லை. அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். இப்படிச் சரியான குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் திரும்ப வருமாம். அதில் பலருக்கு முதல் ஒன்றிரண்டு நாளிலேயே வந்துவிடும். அதனால் வார்டில் வைத்துப் பார்த்தார்கள், இன்னொரு ஸ்கேனும் எடுத்தார்கள். குடல் ஓடும் சத்தம் கேட்ட பிறகு கொஞ்சமாகப் பால் கொடுக்கச் சொன்னார்கள். வயிறு இறங்கி, மலம் இயல்பாகப் போய், காய்ச்சல் இல்லை என்றான பிறகுதான் டிஸ்சார்ஜ். பக்கத்துக் கட்டிலில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த பெண் குழந்தை. இதே நோய்தான், ஆனால் தாமதமாக வந்ததால் ஆபரேஷன் செய்து அழுகிய பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த அம்மாவும் முதல் நாள் முழுக்கக் காற்று அடைத்திருக்கிறது என்றே நினைத்திருக்கிறார்.

இதை எழுதுவதே அந்த அம்மாவை நினைத்துத்தான். விட்டு விட்டு வரும் வலி, வாந்தி, மலத்தில் ரத்தம் மூன்றும் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள். பாதிக் குழந்தைகளுக்குக் கூட மூன்றும் ஒன்றாக வருவதில்லை. ரத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். சில குழந்தைகள் அழக்கூடச் செய்யாமல் வெளுத்துத் துவண்டு மட்டும் கிடக்கும். பச்சையாக வாந்தி எடுக்கிற கைக்குழந்தையை எந்தக் காரணம் சொல்லியும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அழுகை எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு வீடியோ எடுங்கள். டாக்டர் பார்க்கிற ஐந்து நிமிடத்தில் குழந்தை சிரிக்கலாம். வீடியோவில் இருக்கும் அழுகை அப்படியே இருக்கும். ஒரு மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் வலி நிற்கவில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டியதில்லை.

காதுகுத்தைத் தள்ளிப்போட்டோம். அண்ணன் பத்திரிகையில் தேதியை மாற்றி அடித்தார். ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடப் போனபோது செவிலியர் அக்கா டிஸ்சார்ஜ் சீட்டை முழுக்கப் படித்து, அட்டையில் ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டார். அதற்குள் அவன் தவழ்ந்து வாசற்படிவரை வந்துவிட்டிருந்தான்.

அப்பத்தாவிடம் இன்னமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதலில் இரண்டே கேள்வி கேட்கிறார்: "விட்டு விட்டு அழுகுதா? வாந்தி பச்சையா இருந்துச்சா?" ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்குப் பதில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்கிறார்.